கரடிக் கூண்டை விட்டுவிட்டு

என் மகளின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்து வருகிறேன். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தே ஆக வேண்டுமென்று ரொம்ப நாளாக என் உயிரை வாங்குகிறாள். நானும் மழை, கூட்டம், கால்வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். அங்கே நீங்கள் கரடிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன். இதே ஊரில் இன்னொரு வீட்டில் இருக்கிறார் என்பதைவிட அது சுலபமாக வாயில் வந்தது.

அன்று மட்டும் லீவு போடுங்கள் என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் எந்த வழியாகச் சுற்றலாம் என்று வரைபடத்தை விரித்துவைத்து இருவரும் உட்கார்ந்தோம். யானை, முதலை, பாம்பு என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் வட்டம் போட்டாள். கரடியை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஏண்டி, கரடி வேண்டாமா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"வேண்டாம்மா. அங்க அப்பா இருப்பாரு. மாடி வீட்டு அக்கா பார்த்துட்டு வந்து அப்பவே சொல்லிட்டா."

என் கண்ணீர் வரைபடத்தின்மேல் சொட்டியது. அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"நீ அழாதம்மா. நம்மளப் பார்த்தா அவருக்குச் சங்கடமா இருக்கும்ல? அதான்."

ஆகவே வழக்கம்போல வேலைக்குப் போங்கள். உங்களுக்குச் சங்கடம் வராமல் ஒதுங்கிப் போக, ஏழு வயதிலேயே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா