வார்டனுக்குக் கிடைத்த மரியாதை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடு. கடை முகவரிக்குக் கடிதம் போடாதே என்று நீ சொன்னதில்லை. போடலாம் என்றும் சொன்னதில்லை. வீட்டுக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எங்கள் அலுவலக உறையும், தட்டச்சு செய்த முகவரியும். உன் கடை முதலாளியம்மா இதை யாரோ வாடிக்கையாளர் மூக்குக்கண்ணாடி சரியில்லை என்று எழுதிய புகார் என்று நினைத்து, பிரிக்காமல் உன் மேசைக்குத் தள்ளிவிடுவார் என்று நம்புகிறேன். புகார் எல்லாம் என் தலையில்தான் விழுகிறது என்று நீயே ஒருமுறை அலுத்துக்கொண்டாய்.

கடிதம் என்றால் இங்கே நலம், அங்கே நலமா என்று தொடங்க வேண்டும். முதல் பாதியை மட்டும் இப்போது எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கிடங்கில் மூட்டை தூக்க வேண்டாம், வாசலில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்து உள்ளே விட்டால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்தே சம்பளம் வாங்குவது திருட்டு மாதிரி இருக்கிறதாம் அவருக்கு. அம்மா, புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரியோடு குப்பைத்தொட்டி வைக்கும் இடத்துக்காக மல்லுக்கு நின்றாள். இப்போது அவளோடேயே மாலையில் நடக்கப் போகிறாள். எனக்கு அதே வேலைதான். வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுவது. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்கிறேன், வாய் திறக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரின் புருவ நடுவைப் பார்த்துப் பேசு என்று நீ சொல்லிக்கொடுத்துக் கிடைத்த வேலை. அதன்பிறகு இன்றுவரை யார் புருவத்தையும் பார்க்க வேண்டி வரவில்லை.

இரண்டாம் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும். தெரிந்ததையே எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் நான் சொல்ல வந்த இடம்வரை போய்ச் சேருவேன்.

அம்மா போன் செய்தால் அத்தான் பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார். உனக்கு வரும் செய்திகளையெல்லாம் அவர் பார்ப்பார். போனில் நாம் ஆடும் விளையாட்டை மட்டும் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிட்டார். ஞாயிறு மத்தியானம் அவர் நண்பர்களோடு பந்து விளையாடப் போகும் நேரத்தில் நாம் அதில் சேர்ந்துகொள்வோம். பாழடைந்த ஒரு விடுதி. நான்கு மாணவிகள் ஒளிவார்கள், ஒரு வார்டன் தேடுவாள். மாணவிகள் மின்பெட்டிகளைச் சரிசெய்தால் தப்பிக்க வாசல் கதவு திறக்கும். அதற்குள் வார்டன் எல்லாரையும் பிடித்துவிட வேண்டும். ஆட்டத்தில் நமக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் குரல் மட்டும் காதில் விழும். நீ, என் அலுவலகத்து நரை, கணக்குப் பிரிவு அக்கா, கூட முகம் தெரியாத யாராவது ஒருவர். நரைக்கு என் வயதுதான், தலை மட்டும் முந்திக்கொண்டது.

அவன்தான் என்னை வார்டன் ஆக்கினான். "வார்டன் கத்த வேணாம், நடந்தாப் போதும். ஒனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேஷம்" என்றான். முதல் சில வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். கதவில் முட்டுவேன், படிக்கட்டில் சிக்குவேன், யாரையாவது பிடித்துவிட்டால் வாய் தானாக சாரி என்று சொல்லிவிடும். "புடிச்சவங்களுக்கு ஒரு டீயும் குடுத்து அனுப்பு" என்று நரை கேலி செய்தபோது, "விடுங்கப்பா, எங்க வீட்டு ஊமைக்கோட்டான் அது, கொத்தாது" என்று நீதான் எனக்காகப் பரிந்து பேசினாய்.

பிறகு நான் தேறினேன். வார்டன் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. நடந்தால் குலுங்கும், நின்றால் நின்றுவிடும். துரத்திக்கொண்டு ஓடினால் அந்தச் சத்தத்தைக் கேட்டே எல்லாரும் தப்பிவிடுகிறார்கள். அதனால் துரத்துவதை விட்டேன். கொஞ்சம் நடப்பேன், நின்றுவிடுவேன். சாவிச் சத்தம் அடங்கியதும் போய்விட்டாள் என்று நினைத்து யாராவது அடக்கிய மூச்சை விடுவார்கள். தேடி முடித்த அறைகளின் கதவைத் திறந்தே விட்டுப் போவேன். திரும்பி வரும்போது எது சாத்தியிருக்கிறதோ அதற்குள் ஆள் இருக்கும். நரை பயந்தால் ஜன்னலைத் தேடுவான். கணக்குப் பிரிவு அக்கா பயந்தால் கெக்கெக்கே என்று சிரித்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பார். அழைப்புகளில் பேச்சை விடப் பேசாத இடத்தைத்தான் நான் கவனிப்பேன். அதே வேலைதான் இங்கேயும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது அக்கா. பஸ்ஸில் யார் வந்தாலும் ஒதுங்கி இடம் விடுகிறவள் நான். அந்த விடுதியில் நான் வருகிற சத்தம் கேட்டாலே ஆட்கள் ஓடினார்கள்.

உன்னை மட்டும் பிடிக்க முடியவில்லை. சாவி அடங்கியதும் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள், நீ விடமாட்டாய். நான் இரண்டு அறை தாண்டிப் போய், கதவு ஒன்றைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வாய். நான் அடி எடுத்து வைக்கும்போது நீயும் வைப்பாய், நான் நிற்கும்போது நிற்பாய். "ஒங்க அக்கா எங்கம்மா ட்ரெயினிங் எடுத்தாங்க?" என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டார். "எல்லாம் வீட்லயேதான்" என்றாய் நீ. எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த மாடி அறை நினைவிருக்கிறதா? அன்றைக்கு நான் அசையாமல் வெகுநேரம் நின்றேன். பொறுமையில் உன்னை ஜெயித்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. கடைசியில் அலமாரியைத் திறந்தால் உள்ளே நீ. மற்றவர்களைப் போல நீ அலறவில்லை. "இல்லங்க, இல்லங்க, இதோ எடுத்து வெச்சிட்டேங்க" என்றாய்.

ஏற்கெனவே பிடிபட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வார்டனுக்கு என்னா மரியாத! இனிமே நாங்களும் 'ங்க' போடணுமா?" என்றான். நீயும் சிரித்தாய். "பயத்துல ஒளறிட்டேன்டி" என்றாய். அந்த 'டி' வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது.

பிறந்ததிலிருந்து நீ என்னை வாடி, போடி, எருமை, ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். கோபம் வந்தால் இன்னும் நாலு சேரும். 'ங்க' போட்டதே இல்லை. நானோ நாள் முழுக்க 'ங்க' கேட்கிற வேலையில் இருக்கிறேன். பழக்கத்துக்குச் சொல்கிற 'ங்க' உண்டு, பொருளை விற்கச் சொல்கிற 'ங்க' உண்டு, எரிச்சலை மறைக்கச் சொல்கிறதும் உண்டு. நீ சொன்னது இவற்றில் எதுவும் இல்லை. வார்த்தை வெளியே வருவதற்கு முன்பே குரல் தரையில் உட்கார்ந்துவிட்டது. என்ன எடுத்து வைத்தாய் அக்கா? அந்த விளையாட்டில் எடுத்து வைக்க ஒரு பொருளும் கிடையாது.

அடுத்த ஞாயிறும் வார்டனாகத்தான் வந்தேன், ஆனால் உன்னைத் தேடவில்லை. நீ இருந்த அறை வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். தனியாகக் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அப்போது சாவிக்கொத்து குலுங்கியது. பழக்கதோஷத்தில் நான்தான் நகர்ந்துவிட்டேனோ என்று விரலைப் பார்த்தேன். விரல் பொத்தானில் இல்லை. வார்டன் நின்றால் சாவி ஒலிக்காது. ஒலித்தது உன் வீட்டுக் கதவில்.

உன் மூச்சு நின்றதைக் கேட்டேன். பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம், அத்தான் குரல், மெதுவாக, "தாழ்ப்பாள் ஏன் போட்டிருக்கு?" நீ சொன்னாய், "இல்லங்க." அதே 'இல்லங்க'. பிறகு ஏதோ விழுந்தது. பிறகு உன் பெயர், ஆட்டத்தை விட்டுப் போனவர்களின் பெயர்போல, திரையில் சாம்பல் நிறமாகிவிட்டது. அன்றிலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது. மற்றவர்கள் தூரத்தில் இருந்ததால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் அம்மா பேசியபோது, கை வீங்கியிருக்கிறது, பீரோ கதவில் இடித்துக்கொண்டேன் என்றாயாம். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வீட்டில் நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா நம்பவில்லை. "கொரல ஒசத்தி ஒரு வார்த்தை பேசாத மனுசன்டி அவரு. வெளயாட்டுல கேட்டத வெச்சுக்கிட்டு என்னென்னவோ சொல்லாத" என்றாள். அது உண்மைதான், அன்றைக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. நான் வேறு வாதம் செய்யவில்லை. நீ சொன்ன மாதிரியே, அதே குரலில், "இல்லங்க" என்று அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "நானும் ஒங்கப்பாவ 'ங்க' போட்டுத்தான் பேசுறேன். இப்படி ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள். அன்று மாலை அவள் நடக்கப் போகவில்லை.

அப்பா மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் உள்ளறையில் இருந்த தன் சாமான்களையெல்லாம் கூடத்துக்கு எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டேன். "அவ பெட்டிய வெக்க எடம் வேணும்ல" என்றார்.

நான் இப்போது வார்டனாக விளையாடுவதில்லை. கை வலி என்று நரையிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வேஷம் போட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று இருக்கிறது. ஒளிந்திருக்கிறவர்களுக்கு வார்டன் எங்கேயும் இருக்கிற மாதிரி தெரியும். வார்டனாக இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்க முடிகிறது. ஒரு முனையில் நிற்கும்போது மறுமுனையில் என்ன நடக்கிறதோ என்று பதறிக்கொண்டேதான் இருப்பாள். நான் எத்தனையோ ஆட்டங்களில் அப்படித்தான் தோற்றேன். அத்தான் காலையில் உன்னைக் கடையில் விடுகிறார், மாலையில் வந்து கூட்டிப்போகிறார். நடுவில் மத்தியானம் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டாம் பாதி. அங்கே நலமா? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

வரும் புதன்கிழமை மத்தியானம் நான் உன் கடைக்கு வருகிறேன். எனக்குக் கண்ணில் நீர் வடிகிறது, திரையைப் பார்த்துப் பார்த்து, அது பொய்யில்லை. நீ என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நாற்காலியில் உட்கார வை, ஒரு கண்ணை மூடச் சொல், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல். தெரிகிற வரி வரைக்கும் படிக்கிறேன். கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டு. புதுச் சட்டம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வாடிக்கையாளரை வெளிச்சத்துக்கு, வாசலுக்குக் கூட்டிவருவாயே, அப்படி என்னையும் கூட்டிக்கொண்டு வா. தெருமுனையில் அப்பா வாடகைக் காரோடு நிற்பார். பை எதுவும் எடுத்துவர வேண்டாம். உள்ளறையில் உன் பழைய போர்வையை அம்மா துவைத்துப் போட்டிருக்கிறாள்.

புதன்கிழமை உனக்கு மனம் வரவில்லை என்றால் நான் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கண்ணாடி சரியில்லை என்று அடுத்த வாரமும் வருவேன். அதற்கடுத்த வாரமும் வருவேன். உன் கடைக்கு இப்படி ஒரு தொல்லை பிடித்த வாடிக்கையாளர் கிடைத்திருக்கவே மாட்டார். என் பொறுமை உனக்குத் தெரியும்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். இதைத் தவிர வேறு எப்படி வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கடைக்குள் இருக்கும்வரை முதலாளியம்மா முன்னால் நீ என்னை "வாங்க, உக்காருங்க, படிங்க" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, பொறுத்துக்கொள்கிறேன். வாசலைத் தாண்டியதும், ஒரே ஒரு தடவை, தெருவே கேட்கிற மாதிரி, என்னை "வாடி" என்று கூப்பிடு அக்கா.

உன் ஊமைக்கோட்டான்