மூன்று மணிப் பந்தி

8 ஜூன் 2025, ஞாயிறு

டிவி வந்துவிட்டது. தம்பி அருண்பாண்டி மதுரையிலிருந்து காரில் கொண்டுவந்து, சுவரில் துளை போட்டு மாட்டி, சாப்பிட்டுவிட்டு, "எச்டிக்கா. மூஞ்சியில இருக்க மருகூடத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மருவைத் தேடுகிறேன், முகத்தையே காணோம். ஈரவிறகு அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி எல்லாரும் மங்கலாக இருக்கிறார்கள். பழைய டப்பா டிவியில் சின்னதாக இருந்தாலும் ஆள் அடையாளம் தெரிந்தது. இது பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முத்துப்பிரியாவுக்குச் சந்தோஷம். நர்சிங் சேர்ந்த பிள்ளைக்குத் தாய்மாமன் செய்தது. நான் குறை சொன்னால், "உனக்கு எதுதாம்மா புடிச்சிருக்கு?" என்கிறாள். அவள் அப்பா இருந்திருந்தால் — இல்லை, இப்படி எழுதக் கூடாது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஆளுக்கு எந்தச் சொல்லைப் போடுவது?

9 ஜூன்

ரிமோட்டோடு மல்லுக்கட்டு. லோக்கல் சேனலில் நான் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடையின் விளம்பரம் வந்தது. தட்டு நிறைய காய், வைக்கோல் மாதிரி வெளிறிக் கிடக்கிறது. எங்கள் கடையிலிருந்து இப்படி ஒரு காய் முதல் தட்டில் போகுமா? பதினெட்டு வருஷமாகப் பச்சையைப் பார்த்துப் பார்த்து ரகம் பிரிக்கிறவள் நான். காய்ந்த காயில் பச்சை எப்படி இருக்க வேண்டும் என்று டிவி எனக்குச் சொல்லித் தருமா?

ரிமோட்டில் டின்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. பச்சைப் பக்கம் தள்ளித் தள்ளி, காய் முதல் ரகம் மாதிரி ஆனபிறகுதான் விட்டேன். "செய்தி வாசிக்கிறவங்களுக்குப் பித்தம் புடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் பிரியா. அவளுக்கு என்ன தெரியும்.

10 ஜூன்

அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். எழுதினால் மனசு அடங்கும்.

காய் வரத்து இல்லை என்று மத்தியானமே கடையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு லோக்கல் சேனலில் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் கோயில் திருவிழா போட்டார்கள். கேமராக்காரர் வழக்கம்போலப் பந்தியில் ஓர் இலை விடாமல் காட்டிக்கொண்டே போனார். எல்லாரும் வாயில் சோற்றோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் நிமிரவில்லை. கறுப்பு ஸ்வெட்டர். இடது முழங்காலை நட்டு வைத்து, அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டு, இலைக்குள் முகத்தை வைத்துச் சாப்பிடுகிறார்.

அவர்தான். என் வீட்டுக்காரர் சுருளிவேல்.

11 ஜூன்

வரத்து கூடும்வரை கடையில் அரை நாள்தான் வேலையாம். இன்றும் மூன்று மணிக்கு அதையே போட்டார்கள். ஒரு மாசத்துக்கு ஓட்டுவார்களாம். டிவிக்கு முன்னால் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றேன். கிட்டே போனால் முகம் கட்டம் கட்டமாகக் கலைகிறது. தள்ளி நின்றால் அவர் மாதிரி இருக்கிறது.

எஸ்டேட் ஸ்டோரில், அதுதான் ஏலக்காய் உலர்த்துகிற புகைக்கூடத்தில், அவருக்கு வேலை. வாரம் ஒருமுறைதான் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில், தூக்குச்சட்டியில் சோறு வாங்கிக்கொண்டு குரங்கணி பஸ் ஏறினார். எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மலைப்பாதை நெடுகத் தேடினார்கள். பிறகு ஒரு ஜீப்பு டிரைவர், அன்றைக்கு அவரைக் கேரளா போகிற ஜீப்பில் பார்த்ததாகச் சொன்னார். அதோடு தேடுவது நின்றது. மலையாளத்துப் பக்கம் ஒரு வீடு, ஒரு பொம்பளை என்று ஊர் தன் பங்குக்குக் கதை கட்டியது.

செத்துப்போனார் என்றால் நான் தாலியைக் கழற்ற வேண்டும். உயிரோடு இருக்கிறார் என்றால் என்னைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போனார். எதை வேண்டிக்கொள்ளட்டும்?

அன்று அவர் போட்டுப் போனது மெரூன் ஸ்வெட்டர். ஆணியில் கிழிந்த முழங்கையை, பிரியாவின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நீல நூலால் நான்தான் தைத்தேன். டிவியில் இருப்பது கறுப்பு. அப்போ வேற வாங்கியிருக்கு. யாரு வாங்கிக் குடுத்தா? நல்லா இருங்க, ரெண்டு பேரும் நல்லா இருங்க.

13 ஜூன்

கேபிள்காரர் யோகராஜ் வந்தார். டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, டிவிதான் எச்டி. பொட்டி பழசு, வயரு அதுக்கும் பழசு. இந்த மஞ்ச வயருல என்னா வரும்?"

"மாத்து. வெரசா மாத்து."

"அப்புடி என்னாக்கா சீரியலு?"

எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

15 ஜூன்

புதுப் பெட்டி, தட்டையான வாய் உள்ள புது வயர். மற்ற சேனல்கள் பளிச்சென்று வருகின்றன. கிரிக்கெட்டில் புல்லை எண்ணலாம். எதை மாட்டினாலும் என் பச்சை மட்டும் மாறாமல் இருக்கிறது, அதில் ஒரு திருப்தி. ஆனால் மூன்று மணிப் பந்தி அதே மங்கல்தான். யோகராஜுக்குப் போன் போட்டேன். "லோக்கல் சேனலு எச்டியில வராதுக்கா. அவங்க அனுப்புறதே அம்புட்டுத்தேன்" என்கிறார்.

16 ஜூன்

இரண்டே முக்காலுக்கு முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டேன். யாருக்கு?

20 ஜூன்

அவருடைய அண்ணன் மொக்கையன் மாமா சிலமலையிலிருந்து வந்தார். தண்ணீர் குடிக்கும் முன்னே ஆரம்பித்தார்.

"ஆத்தா, வர்ற ஆடி அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிருவோம். ஆளு இல்லன்னு ஆகிப்போச்சு. நீயும் எத்தன நாளைக்கு இப்புடி ரெண்டுங்கெட்டானா இருப்ப?"

"உசுரோட இருக்க ஆளுக்கு எள்ளுந்தண்ணி எறைக்கச் சொல்றீகளா மாமா?"

"எங்க இருக்கான்? கண்ணால பாத்தியா?"

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். காட்டியிருக்கலாம். இரண்டாவது காப்பி போட்டுக் கொடுத்து, சீக்கிரம் கிளப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் பார்த்தேன்.

24 ஜூன்

டிவி படத்தை இழுத்துக் காட்டுகிறதாம். பிரியா ஏதோ அழுத்தினாள், ஓரங்களில் கறுப்புப் பட்டை வந்து, எல்லாரும் ஒல்லியானார்கள். அவரும் இளைத்துவிட்டார். அந்தப் பொம்பளை சோறு போடுவதில்லையோ என்று ஒரு நிமிஷம் வருத்தப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிரியா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது அப்பா இல்லம்மா. பயமா இருக்கு, பாக்காதம்மா" என்றாள். அவளுக்கும் அப்பா மாதிரித் தெரிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் நின்று அவளும் பல நாள் பார்த்திருக்கிறாள்.

டிவியை அணைத்த பிறகும் கறுப்புக் கண்ணாடிக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது. துண்டு போட்டு மூடினேன். வீடெல்லாம் ஸ்டோர்ப் புகை வாசனை. அவர் சட்டையில் வருமே, அந்த வாசனை.

2 ஜூலை

நாளையோடு அந்த நிகழ்ச்சி நிற்கிறதாம். யோகராஜிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சிரிக்கவில்லை அவர். "அவங்க எடுத்தது நல்ல கேமராதேன்க்கா. அனுப்பையிலதேன் தேயுது. எடுத்தத அப்புடியே பென்டிரைவுல வாங்கியாறேன். டிவியில சொருகிப் பாருங்க" என்றார்.

4 ஜூலை

சொருகினோம். கண்ணாடி மாதிரி தெரிந்தது. இலையில் இருந்த அப்பளத்தின் கொப்புளம்வரை தெரிந்தது. கடைசி வரிசை வந்ததும் பிரியா நிறுத்தினாள்.

வேறு ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்கோரம் ஒரு மரு. தம்பி சொன்னது சரிதான், மருகூடத் தெரிகிறது.

5 ஜூலை

அழுகை வரவில்லை. வெறும் ஆத்திரம். எதுக்குத் தெளிவாக்கினேன்? மங்கலாவே இருந்துட்டுப் போயிருக்கலாமே. தெனமும் மூணு மணிக்காவது வந்துட்டுப் போனாரு.

8 ஜூலை

மாமாவுக்குப் போன் போட்டு, ஆடி அமாவாசைக்குச் சரி என்றேன். ஒரு மாதிரி அமைதியாகத்தான் சொன்னேன். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

12 ஜூலை

கடையில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற பொன்னுமணி இன்று சும்மா இருக்காமல் விளம்பரப் பேச்சை எடுத்தாள். நான் எங்கள் வீட்டு டிவியில் காய் என்ன பச்சை தெரியுமா என்று பெருமை அடித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட கூறுகெட்டவளே, அது கழிச்சுப் போட்ட கழிசலு! நல்ல காயி எதுக்கு வீணான்னு மொதலாளி கழிசல்ல ஒரு தட்டு அள்ளிக் குடுத்தாரு. கேமராவுல என்னா தெரியப்போகுதுன்னு. நீ அன்னைக்கு லீவு."

வெளிறின காயை டிவி வெளிறினதாகத்தான் காட்டியிருக்கிறது. கடைப் பெயர் இருந்ததால் நல்ல காய் என்று நானே முடிவுகட்டி, ஊரையே பச்சையில் முக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரியாவிடம், "எல்லாத்தையும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆக்கு" என்றேன். ஆக்கினாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, சொருகிக் கிடந்த பென்டிரைவையே ஓடவிட்டாள். வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை. பந்தி வந்தது. முகங்களுக்கு ரத்தம் வந்திருந்தது. கடைசி வரிசை.

அந்த ஸ்வெட்டர் கறுப்பு இல்லை. மெரூன்.

முழங்காலில் போட்டிருந்த கையில், முழங்கைக்கிட்ட நீல நூல். நான் தைச்சது. குறுக்கும் நெடுக்கும், அவசரத்துல ஒரு ஓரம் கோணலா இழுத்த நூலு, அப்படியே இருக்கு. பிரியா "அம்மா, என் ஸ்வெட்டரு" என்றாள். அவள் பள்ளிக்கூட நீலம்.

அன்னைக்கு அந்த ஆளு மூஞ்சியத்தானே பாத்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

மொக்கையன் மாமாவோடு ஜீப்பில் மேலே போனோம். டிவியில் நிறுத்தி எடுத்த போட்டோ பிரியாவின் போனில் இருந்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் இரண்டாவது ஆளே அடையாளம் சொல்லிவிட்டார். பெயர் ராமர். களை எடுத்துவிட்டு வந்தவர், அந்த ஸ்வெட்டரோடுதான் நின்றார். என் கண் முழங்கையை விட்டு நகரவில்லை.

"களவாண்டதில்லத்தா. ரெண்டு வருசமிருக்கும். ஓடைக்கு அங்கிட்டு, குறுக்குப் பாதையில, புதர்ல மாட்டிக் கெடந்துச்சு. வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்ததுன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டி தொவச்சுக் குடுத்தா."

"அந்தப் பக்கம் யாராச்சும் தேடுனாகளா?" என்று மாமா கேட்டார்.

"அங்கன எதுக்கு வர்றாக? மழையில அந்தப் பாதையில ஆளே போகாதே. வெரசாப் போகணும்னாத்தேன் போவாக."

ராமர் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. அது ராமரின் உடம்புச் சூடு என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன்.

17 ஜூலை

போலீசும் ஃபாரஸ்ட் ஆட்களும் ராமரைக் கூட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். பாறை இடுக்கில் இருந்தார். இருந்தது என்று எழுத வேண்டுமாம், மாட்டேன். பக்கத்தில் தூக்குச்சட்டி நசுங்கிக் கிடந்தது. கல்யாணச் சீருக்கு வாங்கி, மூடியில் "சு. அனுசியா" என்று என் பெயரை அம்மா வெட்டிக் கொடுத்தது.

அங்கிருந்து ஸ்டோர் கூப்பிடு தூரமாம். கூப்பிட்டிருப்பார். மழையில் யாருக்குக் கேட்டிருக்கும்?

அவர் எந்த ஜீப்பிலும் ஏறவில்லை. எந்தப் பொம்பளையும் இல்லை. வேலைக்குத்தான் போயிருக்கிறார். நான்தான் மூன்று வருஷமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

படையல் போட்டோம். மாமா வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு, "எந்தம்பிய நானும் ஓடிப்போனவன்னுதேன் நெனச்சேன் ஆத்தா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தாலியை யாரையும் தொடவிடாமல் நானே கழற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். பொட்டை எடுக்கச் சொன்ன பொம்பளைகளைப் பிரியா பார்த்த பார்வையில் அவர்கள் பேசவில்லை. பொட்டு இருக்கிறது.

2 நவம்பர்

ஐப்பசி மழை. விசாரணைக்கு என்று வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டரையும் தூக்குச்சட்டியையும் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டியை விளக்கி அடுப்படியில் வைத்தேன். ஸ்வெட்டரைத் துவைக்கும்போதுதான் பார்த்தேன், தோள்பட்டையில் இன்னொரு கிழிசல். அதைப் பச்சை நூலால் ராமர் பெண்டாட்டி தைத்திருக்கிறாள். என்னைவிட நேர்த்தியான தையல்.

மூன்று மணிக்கு ராமர் வந்தார். சந்தைக்கு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று. மழையில் நனைந்த சட்டையோடு வாசலிலேயே நின்றார். இலை போட்டேன். இடது முழங்காலை நட்டு வைத்து, நிமிராமல் சாப்பிட்டார். டிவி அணைந்துதான் இருந்தது, துண்டு போடவில்லை.

கிளம்பும்போது ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். வாங்கத் தயங்கினார்.

"மேல குளிருமேண்ணே. போட்டுக்கங்க" என்றேன்.