வெங்காயக் கலர் சேலையின் கிழிசல்

ஒக்கலிபுரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை நாகேஷும் பெர்த்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் விளக்கேற்றும்போது நான் கேட்கிறது அது ஒன்றுதான். இங்கே நான் இருக்கிறேன். உன் விஜி சித்தி வாரத்துக்கு மூன்று நாள் சிவாஜிநகரிலிருந்து பஸ் ஏறி வந்து அக்கா புருஷன் சாப்பிட்டானா என்று பார்த்துவிட்டுப் போகிறாள், வீட்டுக்காரர் ஒருவழியாக மொட்டைமாடியில் ஒழுகுகிற இடத்துக்குச் சிமென்ட் பூசினார். சௌக்கியம் என்று முழுசாக எழுத, அம்மா போன இந்த மூன்று மாதமாகக் கை வரவில்லை. அதனால் இருக்கிறேன் என்றே எழுதுகிறேன்.

அம்மாவின் வெங்காயக் கலர் சேலையை அனுப்பச் சொல்லிச் சித்திக்கு மெசேஜ் போட்டிருந்தாயாம். பச்சைக் கரை போட்ட நூல் சேலை, உன்னை முதல் தடவை ஏர்போர்ட்டில் விட வந்தபோது கட்டியிருந்தாளே, அது. எனக்குப் போடவில்லை, சித்திக்குப் போட்டாய், பரவாயில்லை. துவைத்து நிழலில் உலர்த்தி மடித்துத் துணி சுற்றி நானே தைத்திருக்கிறேன். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டைகளைச் சரிபார்த்து மார்க் போட்டவன் தைத்தது, கடலில் விழுந்தாலும் பிரியாது. சேலைக்கு மேலே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன், நீ இதைப் படித்துவிட்டுத்தான் சேலையை விரிக்க வேண்டும். ஏனென்றால் சேலை முழுசாக இல்லை. முந்தானைப் பக்கம் துணி போயிருக்கிறது. கட்டியவள் போனதும் அவள் சேலையைக் கரித்துணி ஆக்கிவிட்டார் இந்த மனுஷன் என்று உனக்குத் தோன்றும். அப்படித் தோன்றும்படிதான் நானும் நடந்துகொண்டேன், அதற்காக உன்மேல் கோபமில்லை, ஆனால் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது.

அப்பாவுக்குக் காது வலி என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அம்மா உன்னிடம் போனில் சொன்னாள். பிறகு சரியாகிவிட்டது என்றும் சொன்னாள். முதலாவது நிஜம், இரண்டாவது நான் சொல்லச் சொன்னது. இடது காதுக்குள் சுருக்கென்று ஆரம்பித்து நெற்றிப் பொட்டு வரைக்கும் இழுக்கும். அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தாள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காது குடைகிற ஒருவன் அரிசி மாதிரி எதையோ எடுத்துக் காட்டி இதுதான் சார் என்றான், நானும் நம்பினேன். அப்புறம் பல்லாக இருக்கும் என்று நானே முடிவு பண்ணி ஒருத்தரிடம் போய் நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பல் போனது, வலி அப்படியே இருந்தது. கடைசியில் காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் காது என் காதைவிடச் சுத்தமாக இருக்கிறது, பல் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினார். அங்கே பார்த்தால் பெரிய டாக்டர் உன் வயசுப் பெண். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு பாயி தெகீரி என்றாள். வாயைத் திறந்தேன். டக் என்றது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. காதில் ஒன்றுமில்லை, தாடை மூட்டில்தான் கோளாறு, இரண்டும் ஒட்டின வீடு மாதிரி, அங்கே இடித்தால் இங்கே அதிரும் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்று அம்மாவைக் கேட்டாள். கூட்ஸ் வண்டி தண்டவாளம் மாறுற மாதிரி இருக்கும், முப்பத்தஞ்சு வருசமா கேட்டுக்கினுதான் தூங்கறேன் என்றாள் உன் அம்மா. டாக்டர் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது, சிரித்துவிட்டாள். எனக்குத்தான் மானம் போனது.

அன்றிலிருந்து எனக்கு முறுக்கு கிடையாது, கடலை கிடையாது, கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கை கொடுக்க வேண்டும், உதடு ஒட்டலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக்கூடாது. படுக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுத்தார்கள், அம்மா அதற்குக் கடிவாளம் என்று பேர் வைத்தாள். இந்த ஊர்க்காரர்கள் ராகி முத்தே என்கிற களியை மெல்லாமல் முழுங்குகிறார்களே, அது எனக்கு வரவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு உருண்டையைச் சாறில் புரட்டி முழுங்கிக் காட்டுவாள், இப்போ நீங்க என்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒத்தடம். இரும்புச் சட்டியில் கல் உப்பை வறுத்து மூட்டையாகக் கட்டிக் கன்னத்தில் வைத்து, அது நழுவாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒரு துணி. அதற்குத்தான் இந்தச் சேலையின் முந்தானையில் ஒரு பட்டை வெட்டினாள். நல்ல சேலையாயிற்றே என்றேன். பழசாகி மெத்துனு இருக்குது, காது மடலை அறுக்காது என்றாள். முதல் நாள் நானே கட்டிக்கொள்கிறேன் என்று உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். அவள் முகம் செத்துவிட்டது. என் கையைத் தட்டிவிட்டு, மேலே முடிச்சு போடறது யாருக்குன்னு தெரியாதா உங்களுக்கு என்று கேட்டுவிட்டு முடிச்சைப் பக்கவாட்டில் காதோரம் இழுத்துக் கட்டினாள். அப்புறம் ஒரு நாளும் என்னைக் கட்ட விடவில்லை.

அன்றைக்கும் நாலு மணிக்குத்தான் சட்டியை அடுப்பில் வைத்தாள். மூச்சு வாங்குது என்று வந்து கட்டிலில் உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை சொன்னாள், சாய்ந்துவிட்டாள். நான் மாடிப்படிக்கு ஓடி, வாயை முழுசாகத் திறந்து, யாராவது வாங்களேன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். அப்போது டக் என்றது. அதோடு தாடை பூட்டிக்கொண்டது, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அங்கே கை விரித்ததும் உனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினதும் பெண்கள் தாடை கட்ட ஒரு துணி கேட்டார்கள். சித்தி அழுதுகொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள், ஜன்னல் கம்பியில் என் பட்டை காய்ந்துகொண்டிருந்தது, அதை உருவிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது என்ன துணி என்று தெரியாது. என் கண் முன்னால் என் காந்தாவின் உச்சந்தலையில் முடிச்சு விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நீ வந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்து அழுதாயே, அம்மா முகத்தைச் சுற்றி வெங்காயக் கலரில் ஒரு துணி இருந்ததே, அந்தத் துணிதான் இந்தச் சேலையில் இல்லாதது.

பதினாறு நாள் இருந்தாய். என்னப்பா ஆச்சு, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க என்று எத்தனை தடவை கேட்டாய். நான் தலையை ஆட்டினேன், ம் என்றேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மனைவி செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தாடை வலிக்கிறது என்று யாரிடம் சொல்ல, வெட்கமாக இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை. வாய்விட்டு அழுதால் காதுக்குள் வெட்டி இழுத்தது, அதனால் மூக்கால் அழுதேன், அது யாருக்கும் அழுகையாகத் தெரியவில்லை. டாக்ஸி வந்து நின்றபோது, அம்மாவுக்காக ஒரு வார்த்தை இல்லியாப்பா உன்கிட்ட என்று கேட்டுவிட்டு ஏறினாய். வலியில் காது அடைத்துப்போயிருந்த அந்த நாளிலும் அது நன்றாகக் கேட்டது. அதற்கப்புறம் நீ எனக்குப் போன் பண்ணவில்லை.

இப்போது அந்த டாக்டர் பெண்ணிடம் மறுபடி போகிறேன். ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடுகிற பயிற்சி. இரண்டு விரல் நுழைகிறது, பத்து நிமிஷம் பேச முடிகிறது, அதற்கு மேல் காது பிடித்துக்கொள்கிறது. நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாகச் சொன்னது உன்னைப் பற்றியும் இல்லை, சாமியைப் பற்றியும் இல்லை. அடுப்பை அணைங்க, உப்பு வெடிக்குது என்றாள். அவ்வளவுதான். இதையா மகளிடம் சொல்வது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், போகிற நேரத்திலும் அவளுக்கு என் காது ஞாபகம்தான் இருந்திருக்கிறது. உனக்கு இதைச் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டது தப்பு.

இன்னொரு தப்பும் இருக்கிறது. சேலையை உனக்காகத் துவைத்து மடிக்கும்போது அப்படியே அனுப்ப என்னால் முடியவில்லை கண்ணு. அவள் போன பிறகு சித்தி புதுத் துண்டு வாங்கிவந்தாள், அது முரடு, அவள் சொன்ன மாதிரியே காதை அறுக்கிறது, நான் ஒத்தடத்தையே விட்டிருந்தேன். உன்னைக் கேட்காமல் அந்தச் சேலையில் இன்னொரு பட்டை எடுத்துக்கொண்டேன். ஓரம் நேராக இருக்கிற இடம் அம்மா வெட்டினது, கோணலும் மாணலுமாகப் போயிருக்கிறதே, அது என் வேலை. மீதி எல்லாம் உன்னுடையது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீ கணக்கு வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவாய், சின்ன வயசிலேயே அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது, கவனமாக இரு, காது வலித்தால் பூண்டு எண்ணெய் விடாமல் டாக்டரிடம் போ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நீ பேசு, நான் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கிறேன், பத்து நிமிஷத்துக்கு மேல் நான் ம் மட்டும் சொன்னால் அதையும் பேச்சாக எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. என் பட்டை தலையணைக்குக் கீழே இருக்கும். என் நேரம் வரும்போது அவசரத்தில் கையில் கிடைத்த துணியை எடுக்கப்போகிறார்கள், நீ சொல்லி அதைத்தான் கட்ட வைக்க வேண்டும், அப்போது முடிச்சு மேலே இருக்கலாம். அதுவரைக்கும் தினமும் நாலு மணிக்கு உப்பை நானே வறுத்து, முடிச்சைக் காதோரமாகவே போட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிற,
உன் அப்பா
சி. அப்பாதுரை