டேங்கு பேசுகிற மதியங்கள்

அனுப்புநர்:
திருமதி வெர்லா பிரென்னர்,
(பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு)
கிளைப்பாதைத் தெரு, கடைசி வீடு,
வில்போர்ன், நெப்ராஸ்கா.

பெறுநர்:
ரயில் பாதுகாப்பு ஆய்வு அதிகாரி அவர்கள்,
மாநில ரயில் பாதுகாப்பு அலுவலகம்,
லிங்கன், நெப்ராஸ்கா.

பொருள்: வில்போர்ன் கிளைப்பாதையில் நிறுத்தப்பட்டுள்ள, ரீம்கே வேகன் குத்தகை நிறுவனத்திற்குச் சொந்தமான டேங்கர் வேகன் ஒன்றை நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் முன்பு சோளக்காடு தெரியும். போன வசந்தத்திலிருந்து கறுப்பு டேங்கர் வேகன்கள்தாம் தெரிகின்றன. ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை ஒன்றையொன்று கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணெய் விலை விழுந்துவிட்டதாம், வாடகைக்கு எடுத்தவர்கள் வேகன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டை வாடகைக்கு விடுகிறவன், வீடு காலியானால் அதைத் தூக்கிக்கொண்டுவந்து அடுத்தவன் கொல்லையில் வைக்க முடியாது. வேகனை வாடகைக்கு விடுகிறவர்களால் முடிகிறது. ஆனால் இந்த மனு அதைப் பற்றியதன்று.

2. நிறுவனத்தின் வரலாற்றைத் தாங்கள் அறிந்திருக்கலாம். ஆயினும் எங்கள் ஊர்க்காரர்கள் அறிந்த விதத்தில் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஆன்டன் ரீம்கே என்பவர் ஒமாஹாவில் பன்றிக் கொழுப்பு உருக்கி விற்றுவந்தார். கொழுப்பை அனுப்புவதற்காக, மூடப்பட்ட எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து சில பழைய டேங்கர்களை வாங்கினார். கொழுப்பு வியாபாரம் நொடித்தது. டேங்கர்களைச் சர்க்கரைப்பாகு விற்பவர்களுக்கு வாடகைக்கு விட்டார், பிழைத்துக்கொண்டார். "பன்னியை ஒரு தடவதான் விக்க முடியும். வேகன் அப்படியா? எத்தன தடவ வேணா வாடகைக்கு விட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று தேவாலய விருந்துகளில் அவர் சொல்லிச் சிரிப்பதை என் மாமனார் கேட்டிருக்கிறார். இந்த நிறுவனத்திற்கு ஒரு முழம் தண்டவாளம் கிடையாது, எஞ்சின் கிடையாது, உள்ளே இருக்கும் சரக்கும் அவர்களுடையதன்று. சக்கரம் வைத்த தொட்டிதான் அவர்கள் சொத்து. அது காலியாக நின்றால் நட்டம். ஆகவே ஒருவர் திருப்பிக் கொடுத்த வேகனை அவசர அவசரமாகக் கழுவி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். அப்படிக் கழுவுகிற பணிமனை எங்கள் ஊரில் இருந்தது. என் கணவர் டுவேன் பிரென்னர் அங்கே டேங்குகளுக்குள் இறங்கிச் சுரண்டும் வேலை பார்த்தார்.

3. பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. டேங்குக்குள் இறங்குகிறவர், மேலே உள்ள மூடியின் கொக்கியில் தம் தொப்பியை மாட்டிவிட்டு இறங்குவார். தொப்பி தொங்கும்வரை மூடியை யாரும் தொடமாட்டார்கள். வெளியே வந்ததும் அவரே தொப்பியை எடுத்துக்கொள்வார். அடுத்தவர் தொப்பியில் கை வைக்கும் பழக்கம் அங்கு இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது என்றாலும், பைபிளைவிட இதைத்தான் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

4. 1979 ஜூலையில் ஒரு நாள் டுவேன் அவ்வாறே தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே இறங்கினார். சோள எண்ணெய் ஏற்றிவந்த வேகன். விஷவாயு இல்லை, பயமில்லை என்று இறங்கியது. மூடியருகே காவலுக்கு நின்றவர் அவருடைய நண்பர் லீலண்ட் குசேரா. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விதை கம்பெனி கொடுத்த அந்தப் பச்சைத் தொப்பி டுவேனுக்கு உயிர். பறந்து போய்விடுமே என்று லீலண்ட் அதை எடுத்துத் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அந்த நேரம் பார்த்து ஃபோர்மன் அவரை வேறு கொட்டகைக்குக் கூப்பிட்டார். ஷிப்ட் மாறியது. புதிதாக வந்தவர்கள் மேலே பார்த்தார்கள். தொப்பி இல்லை. மூடியைப் போட்டு போல்ட்டை முடுக்கினார்கள். வேகன் வெயிலில் ஒதுக்குத் தண்டவாளத்துக்குப் போயிற்று. திரும்பி வந்த லீலண்ட், நண்பர் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தார்.

5. வெயில் ஏற ஏற இரும்பு விரியும். அப்போது டேங்கிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வரும். எங்கள் ஊரில் "டேங்கு பேசுது" என்பார்கள். அன்று மதியம் அந்த டேங்கு பேசியதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டவர்களும் உண்டு. "இன்னிக்கு இவன் ரொம்பத்தான் வாய் பேசுறான்" என்று ஒருவர் கேலி செய்தாராம். மறுநாள் காலையில்தான், என் கணவர் வீடு திரும்பவில்லை என்று நான் போய்க் கத்தியபிறகு, மூடியைத் திறந்தார்கள்.

6. இறந்தவர் தொப்பி மாட்டும் வழக்கத்தைக் கடைப்பிடிக்காததே விபத்துக்குக் காரணம் என்று நிறுவனம் முடிவு செய்தது. தொப்பியைத் தாம் எடுத்ததை லீலண்ட் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. நிறுவனரின் பேரன் வால்டோ ரீம்கே, சுட்ட பன்றித் தொடை ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். "அந்த வேகனை வெட்டிப் போட்டுடறோம்மா. இனிமே அது உங்க கண்ணுலயே படாது" என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். அவர் சொன்னதை நம்பினேன்.

7. ஐயா, அந்த வேகன் இப்போது என் சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது.

8. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஜூன் மாதம் லீலண்ட் குசேரா மகளுடன் காரில் வந்து இறங்கினார். விபத்துக்குப்பின் ஊரைவிட்டுப் போனவர், இப்போதுதான் வருகிறார். வேகன்களை இங்கே நிறுத்தியிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலியோரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் வீட்டுக்கு நேரே நின்றுவிட்டார். ஏணியின் மூன்றாவது படி உள்வாங்கி வளைந்திருந்தது. தினமும் மிதித்த படியாம். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வேறு நிறுவனத்துக்கு விற்று, வேகனின் வரிசை எண்ணை மாற்றி, மறுபடி வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வெயில் ஏறியது. டேங்கு பேச ஆரம்பித்தது. லீலண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூடுதான் வெர்லா. வெறும் சூடுதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னோம்" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பச்சைத் தொப்பியை எடுத்து என்னிடம் கொடுத்து, அன்று அதைத் தாம் எடுத்துவைத்த கதையைச் சொன்னார். அவரைத் திட்டவேண்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். திட்ட வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

9. நிறுவனத்திற்கு எழுதினேன். அந்த வேகன் எண்ணெய்க்கு மாறும்வரை பல்லாண்டுகள் உணவுக்கான சோளப்பாகு ஏற்றி ஒரு புகாருமின்றி உழைத்திருப்பதாகப் பெருமையுடன் பதில் வந்தது. அந்தப் பாகைத்தான் நாங்களும் பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிட்டோமோ என்று நினைப்பு ஓடியது. அன்றிலிருந்து என் வீட்டில் பான்கேக் சுடுவதில்லை.

10. மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நானே வேலியைத் தாண்டி அந்த ஏணியில் ஏறினேன். அது அத்துமீறல் என்று தெரியும். ஷெரீப் அலுவலகத்திலிருந்து டிராவிஸ் வந்தான். சின்ன வயதில் என் பேருந்தில் வாந்தி எடுத்த பையன். "அம்மா, இறங்குங்கம்மா. நீங்க விழுந்து கிழுந்து வெச்சா எங்கம்மா என் தோலை உரிச்சிருவாங்க" என்று கெஞ்சினான். இறங்கினேன். மூடியின் போல்ட்டை வெறுங்கையால் அசைக்க முடியாது என்பதை அன்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். உள்ளிருந்தும் முடிந்திருக்காது.

11. எத்தனால் ஆலை ஒன்று இந்த வேகன்களை வாடகைக்கு எடுத்துவிட்டதாம். இம்மாத இறுதியில் எஞ்சின் வந்து இழுத்துப் போய்விடும் என்கிறார்கள். ஊரார் கொண்டாடுகிறார்கள். எனக்குத்தான் அதற்குமுன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மதியம் ஆனால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். சாத்தினாலும் கேட்கிறது. மேகம் மறைத்தால் நின்றுவிடுகிறது. நின்றபிறகு இருக்கும் அமைதியைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அன்று உள்ளிருந்து அவர் எப்போது தட்டுவதை நிறுத்தினார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சூடுதான் என்று எனக்கும் தெரியும், ஐயா. நான் புத்தி பிசகியவள் அல்ல.

12. வேகனை வெட்டிப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. நட்டஈடு கேட்கவில்லை. பழைய முடிவைத் திருத்தி எழுதச் சொல்லியும் கேட்கவில்லை, எழுதியவர்களே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிறுத்தப்பட்டுள்ள எந்த வேகனின் மூடியையும் ஆய்வுக்காகத் திறக்கச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று டிராவிஸ் சொன்னான். எஞ்சின் வருவதற்குமுன் தங்கள் ஆய்வாளர் ஒருவரை அனுப்பி, அந்த மூடியை ஒரு பகல் மட்டும் திறந்துவைக்கக் கோருகிறேன். திறந்ததும் அவர் இந்தத் தொப்பியைக் கொக்கியில் மாட்டவேண்டும். பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் நான் கொண்டுவருகிறேன். தொப்பி தொங்குகிறவரை யாரும் மூடக்கூடாது. வெயில் ஏறி, டேங்கு பேசி முடித்து, சாயங்காலம் ஆறியபிறகு, டிராவிஸ் பிடித்துக்கொண்டால் நானே ஏணியில் ஏறித் தொப்பியை எடுத்துக்கொள்வேன். எடுத்துவிட்டால் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று பொருள். அதன்பிறகு மூடிக்கொள்ளலாம்.

இதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று பார்க்கும் முன், எங்கள் ஊருக்கு ஒரு மதியம் வந்து அந்த வேலியருகே நின்று பார்க்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வில்போர்ன்
நாள்: 12 செப்டம்பர் 2016

இப்படிக்கு,
வெர்லா பிரென்னர்
(டுவேன் பிரென்னரின் மனைவி)

இணைப்பு: ஏதுமில்லை. தொப்பியைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அது என்னிடம் இருக்கிறது.