புருவத்துக்குள் இரும்பு

12-8-1998, புதன்.

பல வருடங்களுக்கு முன் சுரங்கத்தில் எனக்குப் பட்ட காயத்தை அன்று பதிவேட்டில் எழுதவிடாமல் செய்தது அநியாயம். செய்தவர் எங்கள் மேஸ்திரி. விபத்தில்லாத மாதம் என்று எங்கள் கேங்குக்குக் கிடைக்கவிருந்த பரிசு போய்விடும் என்றார். பாறையைத் துளைக்கும்போது தெறித்த இரும்புச் சில்லு புருவத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டாரிடம், கல் பட்டது என்றேன்.

இரண்டு மாதமாகக் கால்கள் மரத்துப்போகின்றன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுத்தால்தான் காரணம் தெரியும் என்று டாக்டர் பெங்களூருக்கு அனுப்பினார். இன்று அங்கே, உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த மெஷின் பெரிய காந்தமாம். சில்லு அசைந்தால் கண் போகலாமாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எழுந்து வந்துவிட்டேன்.

ரயிலில் மகள் விமலா விடவில்லை.

"இன்னாப்பா நீ, அம்மாகிட்டகூட கல்லுன்னுதான் சொன்னியா?"

"ஆமா."

"கண்ணுக்கு பயந்து காலை விட்டுடுவியா? அப்புறம் உன்னை யாரு தூக்கிக்கினு திரியறது?"

குனிந்து, கழன்றிருந்த செருப்பைக் கையால் தேடி மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தால் ஸ்கேன் எடுப்பார்களாம். அதற்குள் விமலா எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வாங்க வேண்டும். கூட வர மருமகன் லீவு போட வேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலில் இருக்கும் அந்த மேஸ்திரி வந்து, சில்லு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அன்று இடுக்கியால் எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டவர் அவர்தான். நான் சரி என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.