களாக்காய்க் கூடை

ஏப்ரல் 7, 1964, செவ்வாய்.

இன்று மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்தில் கூடைக்காரி கம்ளிபாயிடம் ஊறுகாய்க்குப் பச்சைக் களாக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். கல்யாண் ஸ்டேஷனுக்கு அப்பால் காட்டுப் புதர்களில், கையை முள் கிழிக்கப் பறித்து, ரயிலில் கொண்டுவருகிறவள். திடீரென்று நடைபாதைக் கடைகளை அள்ளிப்போகும் முனிசிபாலிட்டி லாரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த ஒருவன் அவள் கூடையைப் பிடித்துவிட்டான். ஹிந்தி பேசவே கூசுகிற நான், "சோடோ! சப் மேரா ஹை!" என்று கத்தினேன். விடு, எல்லாம் என்னுடையது என்றதும், நான் வாங்கியது என்று நம்பி விட்டுவிட்டான்.

அழுதவளை எங்கள் கட்டட வாசலுக்கே அழைத்துவந்தேன். மாமிகள் இறங்கி வந்தார்கள்.

"நன்னா விண்ணுனு இருக்கே! எனக்கும் போடச் சொல்லுடி" என்றாள் மூன்றாம் மாடி மாமி. கூடை காலியாயிற்று.

இனிமேல் இங்கேயே வரட்டுமா என்று கேட்டாள் கம்ளிபாய். வாட்ச்மேன் என்ன சொல்வானோ, இவர் என்ன சொல்வாரோ. வரச் சொல்லிவிட்டேன்.