தீவனம் என்ற நாட்காட்டி

நல்லம்பள்ளி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி எழுதுவது. அத்தையும் நானும் நலம். மஸ்கட்டில் வெயில் இப்போதாவது தணிந்திருக்கிறதா? மின்னஞ்சலில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். நீங்கள் போன் செய்தால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்கக்கூடிய விஷயம் இல்லை இது.

போன வாரம் கணினியில் நாட்காட்டி மென்பொருள் தானாகவே அப்டேட் ஆனது. மறுநாள் திறந்தால் வெறும் கட்டங்கள். இடதுபக்க நாட்காட்டிப் பட்டியலில் என் ‘வகுப்புகள்’ இல்லை, ‘வீடு’ இல்லை, ‘தீவனம்’ இல்லை. என்னிடம் ஆன்லைனில் படிக்கும் பிள்ளைகளின் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம், அதனால் வகுப்பைப் பற்றி நான் பதறவில்லை. பதறியது தீவனத்துக்காகத்தான்.

நமக்குக் கல்யாணமான புதிதில், வெளிநாடு புறப்படும் முன் அந்த நாட்காட்டியை உங்கள் கணக்கில் தொடங்கி என்னோடு பகிர்ந்தீர்கள். கூடத்துக் கணினியில் யார் பார்த்தாலும் திறக்கத் தோன்றாத பெயராக இருக்கட்டும் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது. நாம் நமக்காகப் பேசியதெல்லாம் அதற்குள்தான். காரிமங்கலம் சந்தையில் ஒருவர் உங்கள் நடையிலேயே போனார் என்று ஒருநாள் எழுதினேன். நல்லவேளை, பின்னாலேயே போகாமல் இருந்தாய் என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். ஒகேனக்கலில் பரிசல், நாம் இரண்டு பேர் மட்டும் என்று ஒரு பதிவு. விடுப்பு தள்ளிப்போகும் போதெல்லாம் அதைப் பிடித்து இழுத்து அடுத்த மாதத்தில் போடுவீர்கள்.

கம்ப்யூட்டர் கடை மாரியப்பனை வரச்சொன்னேன். அப்டேட்ல டிக் எடுபட்டிருக்குங்க்கா, மறைஞ்சிக்குமே தவிர அழியாதுங்க என்றார். கணக்கை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். வகுப்புகள் வந்தது, வீடும் வந்தது. இன்னும் எதுங்க்கா வரணும் என்று கேட்டார். தீவனம் என்றேன், வாய் தவறி, சத்தமாக.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். ஆடியிலயே மாட்ட வித்துப்புட்டோம், இவ தீவனத்தத் தேடறா பாரு! ஏப்பா மாரியப்பா, ஒரு கட்டு சோளத்தட்டு வாங்கியாந்து இந்த டிவி பொட்டி முன்னால போடு, தானா வந்துரும் என்றார். மாரியப்பனும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் மாரியப்பன் மென்பொருளை விட்டு நேரே இணையத்தில் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. இது உங்களுது இல்லீங்க்கா, அண்ணன் பகிர்ந்தது. அவரு பக்கம் பகிர்வு அறுந்திருக்கலாம், இல்லாட்டி அவரே அழிச்சிருக்கலாமுங்க, அத அவரத்தான் கேக்கணும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. புது லேப்டாப் வாங்கி, வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டதாக அத்தையிடம் போனில் சொன்னீர்கள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மாட்டை விற்றது உங்களுக்குத் தெரியும். மாடே இல்லை, தீவனம் எதற்கு என்று கைபோன போக்கில் அழித்துவிட்டீர்களா? அப்படியென்றால் அந்தப் பெயருக்குள் என்ன இருந்தது என்பது மறந்துபோயிருக்க வேண்டும். தெரிந்தே அழித்தீர்கள் என்றால், நான் எழுதியதில் எது உங்களைச் சுட்டது? இந்த இரண்டில் எது நடந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன். காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் இன்னொன்று. இரண்டுமே இல்லை, வெறும் அப்டேட்தான் என்றும் நடுவில் தோன்றுகிறது. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், காணாமல் போன ஒரு நாட்காட்டியைப் படிக்கத் தெரியவில்லை.

நேற்று என் கணக்கில் புதிதாக ஒன்று தொடங்கி உங்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தீவனம், உரம் என்றெல்லாம் மறைக்கவில்லை. யுவராணி என்றே பெயர் வைத்திருக்கிறேன். அத்தை பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே எதுவும் எழுதவில்லை. ஒகேனக்கலை எந்த மாதத்தில் வைப்பது என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட்டில் போய்விட்டது என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். எதையாவது எழுதுங்கள், மாமா.

உங்கள்
யுவராணி